ஸ்டார்ஸ் ஆஃப் தி லிட்: நடுவில் நுழைந்து பின்னோக்கி நடப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வது வெளியூர்க்காரர்களின் பழைய பொழுதுபோக்கு. இதில் கடைசிக் குறை 1981-இல் தீர்ந்தது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் திரும்பி வந்துவிட்டார். இப்படி இல்லாதவற்றின் பட்டியலோடு வாழப் பழகிய ஊருக்கு, தாளம் இல்லாத, பாடகர் இல்லாத, முதல் தடவை கேட்கும்போது மெட்டும் இல்லையோ என்று சந்தேகிக்க வைக்கும் ஓர் இசைக்குழுவை அறிமுகப்படுத்துவதில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை.

ஸ்டார்ஸ் ஆஃப் தி லிட் இரண்டே பேர்: ஆடம் வில்ட்ஸி, பிரையன் மெக்பிரைட். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், 1990-களின் தொடக்கத்தில் சேர்ந்தார்கள். கண்ணை மூடினால் இமைக்கும் விழிக்கும் நடுவே ஓடும் சொந்தத் திரைப்படம் என்று தங்கள் பெயருக்கு விளக்கம் சொன்னார்கள். 1995 முதல் 2007 வரை ஏழு ஆல்பங்கள் வந்தன. அதன்பின் குழுவின் பெயரில் புதிய ஆல்பம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் மெக்பிரைட் 53 வயதில் காலமானார். ஆகவே இந்தப் பட்டியல் இனி நீளாது. மனம் வைத்தால் முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம்.

ஆனால் எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி. முதல் ஆல்பத்தில் தொடங்கிக் காலவரிசைப்படி வருவது நியாயமாகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இவர்களின் தொடக்ககால ஒலிப்பதிவுகள் கேசட் இரைச்சலில் மூழ்கியவை. பழகாத காது அங்கே இரைச்சலை மட்டுமே கேட்டுவிட்டு எழுந்து போய்விடும். 2001-இல் வந்த ஆறாவது ஆல்பத்தில் நுழையுங்கள், அடுத்து 2007-க்கு ஒரு படி முன்னே வையுங்கள், பிறகு திரும்பி 1995 வரை பின்னோக்கி நடங்கள். பிற்கால ஆல்பங்களில் தெளிவாக நிற்கும் சுரங்களைக் கேட்டுப் பழகிய காது, முற்கால இரைச்சலுக்குள்ளும் அதே சுரங்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். வெயிலிலிருந்து கருவறைக்குள் நுழைந்தவருக்குச் சற்று நேரம் கழித்து மூலவர் தெரியத் தொடங்குவதைப் போலத்தான் இது.

முதல் படி: காதை நிறுத்திப் பழகுங்கள்

இந்த வகை இசைக்கு மேலைநாட்டில் ட்ரோன் என்று பெயர். ஒரே சுரத்தை அல்லது சில சுரங்களை மாற்றாமல் நீட்டிக்கொண்டே இருப்பது. நமக்கு இது அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாகஸ்வரத்தோடு ஒத்து என்றொரு நீண்ட குழல் உண்டு. சுரம் பிடிக்க விரல் துளைகள் கிடையாது, சுருதியை மட்டும் ஊதிக்கொண்டே இருக்கும். இன்று பெரும்பாலான மேளங்களில் அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளை நினைத்துப் பாருங்கள். நடிகர் வசனம் பேசிக்கொண்டிருப்பார், கட்டியங்காரன் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பான், ஆர்மோனியக்காரரோ கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் சுருதியைப் பிடித்தபடியே இருப்பார். விடியற்காலையில் பாதித் தூக்கத்தில் இருப்பவருக்குக் கதை நழுவிப்போய் அந்தச் சுருதி மட்டும் மிஞ்சும். அந்த நிலைதான் இந்த வழிகாட்டியின் வாசற்படி.

அமெரிக்கர்கள் இதை யாரிடம் கற்றார்கள் என்பதற்கும் ஒரு வழித்தடம் உண்டு. நியூயார்க்கில் நீண்ட சுரங்களை வைத்து இசையமைத்துக்கொண்டிருந்த லா மான்டே யங், 1970-இல் கிரானா மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்தின் சீடரானார். டெர்ரி ரைலியும் கூடவே சேர்ந்தார். தம்பூராவை முன்னால் வைத்துக்கொண்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 1978-இல் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்காக ஓர் ஆல்பம் செய்து, கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் விடலாம் என்ற ஆம்பியன்ட் இசைக்குப் பெயர் வைத்தார். நம் ஆஸ்டின்காரர்கள் இந்த இரண்டு ஓடைகளும் சேரும் இடத்தில் நிற்பவர்கள்.

பயிற்சி எளிது. கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ச–ப–ச வைத்து, பாடாமல், பத்து நிமிடம் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடம் சலிப்பாக இருக்கும். பிறகு ஒரே ஒலி என்று நினைத்தது பலவாகப் பிரியும். மேலே மெல்லிய காந்தாரம் ஒன்று கேட்கும், யாரும் அதை வாசித்திருக்க மாட்டார்கள். சுருதியைச் சற்றே விலக்கினால் ஒலி அலையலையாகத் துடிக்கும். ஒரு ஒலி நொடிக்கு 440 அதிர்வு, இன்னொன்று 441 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு. இந்தக் குழுவின் இசையில் தாளம் எங்கே என்று தேடுபவர்களுக்கு விடை இதற்குள்ளேதான் இருக்கிறது. மத்தளம் அடிப்பதற்குப் பதிலாகச் சுரங்கள் தங்களுக்குள் உரசி அசைகின்றன.

இரண்டாம் படி: அறை, கருவி, நேரம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற இசைக்கு இது வசதி பற்றிய விஷயம். இந்த இசைக்கு இதுவே பாதி.

கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் கேட்காமலே இருக்கலாம். கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு சுமார் 82 அதிர்வில் ஒலிக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. கீழ்ச்சுரம் போய்விட்டால் மேலே மிதப்பதற்கு மட்டும் என்ன பொருள்? காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் பழைய டேப் ரிக்கார்டரின் பெரிய ஸ்பீக்கர்கள் பரணில் கிடந்தால் தூசி தட்டிப் பாருங்கள். அவை இந்த இசையை அழகாகத் தாங்கும்.

ஒலி அளவைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் உலவுகின்றன. அமைதியான இசை, ஆகவே மெதுவாக வைக்க வேண்டும் என்பது ஒன்று. மனிதக் காது குறைந்த ஒலியில் கீழ்ச்சுரங்களை மிகவும் குறைத்தே கேட்கும். 1933-இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். மிகவும் மெதுவாக வைத்தால் மேல் நுரை மட்டுமே வந்து சேரும். மற்றது, உச்சத்தில் வைத்தால்தான் மூழ்க முடியும் என்பது. இரண்டு மணி நேரம் அப்படிக் கேட்டால் காது பாழாகும். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவு சரியானது.

இனி நம் ஊருக்கே உரிய தொல்லைகள். மின்விசிறி இல்லாமல் சித்திரை, வைகாசியில் வேலூரில் உட்கார முடியாது. கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. விசிறியின் சத்தம் எல்லாச் சுரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் மறைக்கும். அதற்கு ஹெட்போன்தான் மருந்து. வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வகை ஹெட்போன்கள், விசிறி, ரயில் போன்ற மாறாத ஒலிகளை அடக்குவதில் கெட்டிக்காரர்கள். பஸ் ஹாரனிடம் தோற்றுவிடுவார்கள். இன்வெர்ட்டரும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் வேறு வகை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் அவை பெரும்பாலும் 100 அதிர்வில் ரீங்கரிக்கும். மேலைச் சுரக் கணக்கில் அது ஜி சுரத்துக்குச் சற்று மேலே. அமெரிக்க மின்சாரம் 60 சுழற்சி. லா மான்டே யங் அந்த 60-ஐயே ஆதாரச் சுருதியாக வைத்து இசை செய்தவர். உங்கள் வீட்டு ரீங்காரத்தோடு எந்த ஆல்பம் ஒத்துப்போகிறது, எது மோதுகிறது என்று கவனிப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு, நீங்களும் ஆடலாம்.

செயலியில் மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள். கலைத்துப் போடும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒன்றையொன்று கரைக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். இடைவெளியின்றி ஓட்டும் வசதி இயங்க வேண்டும். பல பாகங்களாகப் பிரித்த தொகுப்புகளில் ஒரு பாகம் இன்னொன்றுக்குள் போகும் இடத்தில் அரை நொடி வெட்டு விழுந்தால் கட்டியெழுப்பியது எல்லாம் சரிந்துவிடும். நடுவில் விளம்பரம் குறுக்கிடும் இலவசச் சேவையைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

நேரம்: அதிகாலை ஐந்திலிருந்து ஆறரை, அல்லது வெயிலில் தெரு அடங்கிப்போகும் பகல் இரண்டு மணி. மாலையைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தி டயர்ட் சவுண்ட்ஸ் ஆஃப் ஸ்டார்ஸ் ஆஃப் தி லிட் (2001)

சிகாகோவின் கிராங்கி நிறுவனம் வெளியிட்டது. இரண்டு குறுந்தட்டு, அல்லது மூன்று இசைத்தட்டு. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு விரைவு ரயில் ஏறக்குறைய அதே நேரத்தில் போய்ச் சேர்கிறது. ஆகவே முதல் முறை கேட்க எங்கே உட்காருவது என்று குழம்புகிறவர்களுக்கு என் பதில்: சன்னல் ஓர இருக்கை. வண்டி நகரும்போது தொடங்குங்கள். திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலத்தின் இரும்புச் சத்தம் இசைக்குள் புகுந்து வெளியேறும், அதைச் சகித்துக்கொள்ளலாம். அரக்கோணம் வாக்கில் இரண்டாம் குறுந்தட்டுக்கு மாறியிருப்பீர்கள். ரயிலின் நன்மை என்னவென்றால், எழுந்து போய் வேறு வேலை பார்க்க முடியாது.

முதலில் வருவது ரெக்வியம் ஃபார் டையிங் மதர்ஸ், இரண்டு பாகம். இறக்கும் அன்னையருக்கான இரங்கலிசை. இதில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எந்தச் சுரமும் தொடங்குவதே தெரியாது. கிதாரை மீட்டினால் விரல் தந்தியைத் தொடும் இடத்தில் ஒரு ‘டங்’ கேட்கும். ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் மிதியைக் காலால் இறக்கி வைத்து, மீட்டிய பிறகு மெல்ல ஏற்றினால் அந்த ‘டங்’ காணாமல் போகும். மிஞ்சுவது கிதாரா, வயலினா, யாரோ மூச்சு விடுகிறாரா என்று சொல்ல முடியாத ஒலி. இதில் உண்மையான தந்தி வாத்தியங்களும் கலந்திருப்பதால் குழப்பம் இன்னும் இனிமையாகிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில் நாய் முனகும் சத்தமும் கண்ணாடி நகரும் சத்தமும் வரும். தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தின் கடைசிக் காட்சியிலிருந்து எடுத்தவை. படம் பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பார்க்காதவர்கள் ரயில் பெட்டிக்குள் நாய் எப்படி வந்தது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்து டவுன் 3. எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1-ம் 2-ம் எங்கே என்ற கேள்விக்குப் பின்னால் பதில் வரும். மூன்று பாகமாக வரும் ஆஸ்டின் டெக்சாஸ் மென்டல் ஹாஸ்பிடல், அதே போல மூன்று பாகமாக வரும் புரோக்கன் ஹார்பர்ஸ் ஆகிய இரண்டும் இந்த ஆல்பத்தின் நடு உடல். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் புரோக்கன் ஹார்பர்ஸ் என்பேன். எந்தச் சுரமும் வீட்டுக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதில்லை. இரண்டாம் குறுந்தட்டின் முடிவில் எ லவ்சாங் ஃபார் கப்ஸ் என்ற மூன்று பாகத் தொகுப்பு வருகிறது. களைத்திருந்தால் அங்கே தூங்கிவிடுவீர்கள். தூங்குங்கள். இந்தக் குழுவின் இசையில் தூங்குவது அவமரியாதை ஆகாது.

முதல் கேட்பில் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றினால் ஆல்பம் முழுவதையும் திரும்பப் போடாதீர்கள். ரெக்வியம் இரண்டு பாகங்களை மட்டும் ஒரு வாரம் தினமும் காலையில் கேளுங்கள். அதிலும் ஒட்டவில்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். உலகில் வேறு நல்ல இசை நிறைய உண்டு.

நான்காம் படி: அண்ட் தெயர் ரிஃபைன்மென்ட் ஆஃப் தி டிக்ளைன் (2007)

முந்தைய ஆல்பத்தின் பெயரையும் இதையும் சேர்த்துப் படித்தால் ஒரே வாக்கியம் வரும். ஆறு ஆண்டு இடைவெளியில் வாக்கியத்தை முடித்த நிதானத்தை என்னவென்று சொல்வது! அப்போது வில்ட்ஸி பிரஸ்ஸல்ஸிலும் மெக்பிரைட் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்தார்கள். இதுவும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், 18 பகுதிகள்.

ஏழில் மிகத் தெளிவானது இதுதான். தந்தி வாத்தியங்களும் ஊது வாத்தியங்களும் முன்னுக்கு வந்துவிட்டன, கிதார் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. தொடக்கமான டங்டைட்டில்ட், பெயரிலேயே ஏ மேஜர் என்று சுருதியைச் சொல்லிவிடுகிறது. ஆர்டிக்யுலேட் சைலன்சஸ் இரண்டு பாகங்களில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே விடும் இடைவெளிதான் கேட்க வேண்டியது. தம்பூராவில் பழகியவர்களுக்கு முதலில் இது எரிச்சலூட்டும். சுருதி அறுந்துபோகக் கூடாது என்று வளர்ந்த காதல்லவா? இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, அறுந்த இடத்திலும் சுருதி தலைக்குள் ஒலித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பீர்கள்.

இவர்களின் தலைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. இசை இவ்வளவு பணிவாக இருக்க, தலைப்புகளோ குறும்பு. ஒரு பகுதி கிரேவன் காட்டேஜுக்கு மேலே மிதக்கும் மேகங்களைப் பேசுகிறது. அது லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்து அணியின் மைதானம். ஆல்பத்தை முடிக்கும் நெடும்பகுதியின் தலைப்பில் இந்த வழிகாட்டியில் அச்சிட முடியாத ஒரு வசைச்சொல் இருக்கிறது, ஆனால் அந்தப் பகுதி ஏழு ஆல்பங்களிலும் மிக மென்மையான முடிவுகளில் ஒன்று. தலைப்பைப் படித்து இசையை முடிவு செய்யாதீர்கள்.

இந்த ஆல்பத்தை ரயிலில் கேட்க வேண்டாம். மென்மையான பகுதிகள் சக்கரச் சத்தத்தில் கரைந்துவிடும். வீட்டில், அதிகாலையில், இரண்டு நாளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு குறுந்தட்டு.

ஐந்தாம் படி: அவெக் லாடனம் (1999)

இனி பின்னோக்கி நடை. பெல்ஜியத்தின் சப் ரோசா நிறுவனம் வெளியிட்டு, 2002-இல் கிராங்கி மறுவெளியீடு செய்த சிறிய ஆல்பம். தி அட்டோமியம் என்ற மூன்று பாகங்கள், அதன்பின் இரண்டு தனிப் பகுதிகள். அட்டோமியம் என்பது 1958 உலகக் கண்காட்சிக்காகப் பிரஸ்ஸல்ஸில் எழுப்பிய உருண்டைகளாலான கட்டடம். பின்னால் வரும் டஸ்ட் பிரீடிங், மேன் ரே 1920-இல் தூசி படிந்த கண்ணாடி ஒன்றை எடுத்த புகைப்படத்தின் பெயர். ஏழில் எளிதாக நுழையக்கூடியது இதுவே. நேரம் குறைவு, நண்பர் ஒருவருக்கு ஒரே ஒரு ஆல்பத்தைக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்ல வேண்டும் என்றால் இதைக் கொடுங்கள். பழைய இரைச்சலும் புதிய தெளிவும் சரிபாதியாக நிற்கும் இடம் இது. கோட்டை மதில்மேல் காலையில் ஒரு நடை போகும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆறாம் படி: தி பாலஸ்டட் ஆர்கெஸ்ட்ரா (1997), நடுவே பெர் ஆஸ்பெரா ஆட் ஆஸ்ட்ரா (1998)

1998 ஆல்பத்தை ஓவியர் ஜான் மெக்காஃபர்ட்டியோடு சேர்ந்து செய்தார்கள், ஆர்.ஈ.எம். குழுவின் 1988 ஆல்பமான ‘கிரீன்’ அட்டைப்படம் அவருடையது. ஓவியமும் இசையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதாகத் திட்டம். ஓவியங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பொருள் கூடும். கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவில் பார்த்துக்கொண்டு கேட்டால் சுமார்தான். ஏழில் ஒன்றை விட்டுவிட அனுமதி உண்டு என்றால் இதை விடலாம்.

பாலஸ்டட் ஆர்கெஸ்ட்ரா அப்படி இல்லை. என் கணக்கில் இதுவே இவர்களின் உச்சம். பெரும்பாலானோர் 2001 அல்லது 2007-ஐச் சொல்வார்கள், சண்டைக்கு நான் தயார். பெயரில் ஆர்கெஸ்ட்ரா இருந்தாலும் வாத்தியக்குழு ஏதும் இல்லை. கிதார்களே கனமேறி, கனமேறி, ஒரு முழுக் குழுவின் எடைக்கு வந்துவிடுகின்றன. பிற்கால ஆல்பங்களில் ஆறுதல் இருக்கிறது. இதில் இல்லை. ஏதோ நடக்கப் போகிறது என்ற பதற்றம் முதல் நிமிடத்திலிருந்து இருக்கும், அது நடக்கவே நடக்காது.

நடுவில் ட்வின் பீக்ஸ் தொடரின் 30-ஆம் அத்தியாயத்துக்கான இசை என்று இரண்டு பாகங்கள் வரும். டேவிட் லின்ச்சும் மார்க் ஃபிராஸ்ட்டும் உருவாக்கிய அந்தத் தொலைக்காட்சித் தொடர் 1991-இல் நின்றபோது, முன்னோட்ட அத்தியாயத்தைத் தள்ளி எண்ணினால் 29 வரைதான் வந்திருந்தது. கதை பாதியில் தொங்கியது. வராத அத்தியாயத்துக்குத்தான் இந்த இருவர் இசை போட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மின்வெட்டு வந்து வீடே அடங்கினால் இன்னும் நல்லது. விசிறி, குளிர்பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடும் அந்த முதல் சில நிமிடங்களுக்கு ஈடான கேட்பறை எந்த ஊரிலும் கிடையாது. ஹெட்போனில் சார்ஜ் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆல்பத்தில் மூன்றாவதாக வருகிறது டவுன் 2. இப்போது உடனே 2001-க்குப் போய் டவுன் 3-ஐ மறுபடி கேளுங்கள், திரும்பி இதைக் கேளுங்கள். ஒரே எண்ணம் நான்கு ஆண்டுகளில் எவ்வளவு சதையை உதிர்த்திருக்கிறது என்பது அடுத்தடுத்து வைத்தால்தான் தெரியும்.

ஏழாம் படி: முதல் இரண்டு

கிராவிடேஷனல் புல் வெர்சஸ் தி டிசையர் ஃபார் அன் அக்வாட்டிக் லைஃப் (1996) என்ற நீண்ட பெயர் கொண்ட ஆல்பத்தில், வாரன் வில்ட்ஸி நினைவாக ஒரு பகுதி இருக்கிறது. தலைப்பின் அமைப்பு எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1977-இல் பெஞ்சமின் பிரிட்டனுக்காக எழுதிய நினைவிசையைப் பின்பற்றியது. பார்ட்டின் அந்தச் சிறிய படைப்பை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், இவர்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது புரியும். ராக் இசை ஊரில் உட்கார்ந்துகொண்டு தேவாலயத்தைக் கனவு கண்டவர்கள்.

மியூசிக் ஃபார் நைட்ரஸ் ஆக்சைட் (1995) நான்கு தடக் கேசட் கருவியில் பிறந்தது. எங்கிருந்தோ எடுத்த பேச்சுத் துண்டுகள், உறுமும் கிதார், எல்லாவற்றின் மேலும் விடாத ‘ஸ்ஸ்ஸ்’. ஒரு பகுதிக்கு, நாடா இரைச்சல் எனக்கு மகிழ்ச்சி தருகிறது என்று பொருள்படும்படியே பெயர் வைத்திருக்கிறார்கள், ஆகவே மறைக்க முயன்றார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. டவுன் வரிசையின் முதல் பகுதியும் இங்கேதான். 1990-களில் டேப்பில் பதிந்த பாட்டைப் பிரதிக்குப் பிரதி எடுத்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இரைச்சல் பழக்கமானது. பிறகு பிறந்தவர்கள் தரம் குறைந்த கோப்பில் இதைக் கேட்கக் கூடாது. சுருக்கும்போது முதலில் பலியாவது இரைச்சலின் மென்மைதான். தண்ணீருக்குள் நின்று பேசுவதுபோல ஒரு குழகுழப்பு வந்துவிடும். செயலியில் உள்ள மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே வந்து சேர்ந்த பின் ஒரே ஒரு முறை, காலவரிசைப்படி 1995-இலிருந்து 2007 வரை கேளுங்கள். முதல் முறையில் தாங்க முடியாத வரிசை இப்போது சரளமாக ஓடும்.

கிளைகள்

லாப்ரட்ஃபோர்ட் குழுவோடு 1997-இல் செய்த தி கஹானெக் இன்சிடென்ட் போன்ற குறுவெளியீடுகள் சேகரிப்பவர்களுக்கானவை, அவசரம் இல்லை. தனித்தனியாகச் செய்தவைதான் முக்கியம்.

வில்ட்ஸியின் பக்கம்: லாப்ரட்ஃபோர்டின் ராபர்ட் டோனோடு சேர்ந்து ஐக்ஸ் எம் கிளெம் (2000). தி டெட் டெக்சன் (2004), இதில் பியானோ வெளிப்படையாகவே நடக்கும். தாய்க்குழுவின் மௌனம் மிரட்டினால் இதிலிருந்தும் நுழையலாம். பியானோக் கலைஞர் டஸ்டின் ஓஹாலரனோடு எ விங்ட் விக்டரி ஃபார் தி சல்லன், 2011 முதல். இவர்களின் ஆட்டமோஸ் (2014) வெய்ன் மெக்கிரெகரின் நடனத்துக்காக எழுதியது. அழகானது என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் கேட்பவருக்கு எங்கே உருக வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறது. ஸ்டார்ஸ் ஆஃப் தி லிட் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

மெக்பிரைட்டின் பக்கம்: வென் தி டீட்டெய்ல் லாஸ்ட் இட்ஸ் ஃப்ரீடம் (2005), தி எஃபெக்டிவ் டிஸ்கனெக்ட் (2010). இரண்டாவது, தேனீக்கள் மறைந்து வருவதைப் பற்றிய ஆவணப்படத்துக்காகச் செய்தது. குழுவின் துயரம் யாருடைய பங்கு என்று கேட்டால் இந்த இரண்டு ஆல்பங்களும் விடை சொல்லும். ஆர்மோனியம் மாதிரி மூச்சு வாங்கும் ஒலிகளையும் மனிதக் குரலையும் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்.

வில்ட்ஸி 2024-இல் தன் பெயரிலேயே, கிராங்கி வழியாக, லெவன் ஃபியூக்ஸ் ஃபார் சோடியம் பென்டதால் வெளியிட்டார். பட்டியலை முடித்தவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம்.

வாங்குவது பற்றி

முக்கிய ஆல்பங்கள் பெரிய ஸ்ட்ரீமிங் சேவைகளில் இருக்கின்றன. பேண்ட்கேம்ப்பில் வாங்கினால் சுருக்காத கோப்புகளையே இறக்கிக்கொள்ளலாம். இந்த இசைக்கு அந்தச் செலவு தகும். இசைத்தட்டு ஆசை வந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். 2001 ஆல்பம் மூன்று தட்டு, கனமான பொட்டலம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் கட்டணமும் சுங்க வரியும் தட்டின் விலையை எட்டிப் பிடித்துவிடும். மூன்று தட்டு என்றால் ஆறு பக்கம், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்ப வேண்டும், எடுக்கும்போதெல்லாம் நம் ஊர்த் தூசி அதில் உட்காரும். இந்த மௌனமான இசையில் ஒவ்வொரு தூசியும் பட்டாசாக வெடிக்கும். குறுந்தட்டு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.